‘மருந்து இல்லை, சத்து’ என்றீர்கள்

என்னங்க,

இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டுப் பழக்கம். அடுப்படியிலிருந்து நான் “என்னங்க” என்றால், வாசலில் விரித்த பத்திரிகைக்குப் பின்னாலிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வரும். தலை வெளியே வராது. இரண்டாம் முறை கூப்பிட்டால்தான் பத்திரிகை கீழே இறங்கும். இது இரண்டாம் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையைக் கீழே வையுங்கள். உங்களோடு பேச வேண்டும்.

உங்கள் நினைவு நாள் வருகிறது. பேப்பரில் படம் போட்டு நாலு வரி போடலாம் என்று உங்கள் அக்கா சொன்னார். எனக்கு நாலு வரி போதுமா? உங்களோடு குடித்தனம் பண்ணின காலத்தில் என்றைக்காவது நான் நாலு வரியில் நிறுத்தியிருக்கிறேனா? அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். ஊரும் படிக்கட்டும். ஊர் படிக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. காஜா பேராங்கில் அதே பலகை வீட்டில்தான் இருக்கிறோம். நீங்கள் அடைத்த இடத்தில் கூரை ஒழுகவில்லை. அடைக்காமல் விட்ட இடத்தில் ஒழுகுகிறது. நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறேன். விடிந்தால் மீ ஹூன், பத்து மணிக்கு நாசி லெமாக். நீங்கள் என் சமையலுக்குச் சொன்ன குறையை ஒரு பிள்ளையும் சொல்வதில்லை.

சேகர் முதல் வகுப்புப் போகிறான். சுவர் முழுக்க நீங்கள் ஓட்டிய மாதிரி லோரி படம் வரைகிறான். எல்லா லோரியிலும் ஓட்டுகிறவருக்கு மீசை வைக்கிறான். உங்களை அவனுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மீசை இருக்கிறது.

தனம் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். இடது புருவத்துக்குப் பக்கத்தில் அந்த இரண்டு தழும்பும் அப்படியே இருக்கின்றன. போன மாதம் வரைக்கும் தலைமுடியை இழுத்து அந்த இடத்தை மறைத்துத்தான் சீவிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு மெல்ல வருகிறேன்.

சுதந்திரம் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, தெரிந்தால் சந்தோஷம். ஊரே “மெர்டேக்கா” என்று கத்தியபோது நான் உள்ளே இருந்தேன். நீங்கள் போய் அரை வருடம்கூட ஆகவில்லை. நான் எங்கே கொடி பிடிப்பது? சேகர்தான் வேலிக்குப் பக்கத்தில் ஒரு காகிதக் கொடியை வைத்துக்கொண்டு நின்றான். நீங்கள் இருந்திருந்தால் அவனைத் தோளில் தூக்கியிருப்பீர்கள். கனம் தூக்கக் கூடாது என்று நான் கத்தியிருப்பேன். கத்துவதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் அன்றைக்கு எனக்கு அழுகையாக வந்தது.

முந்தின வருடம் சுதந்திரத் தேதியைக் கூட்டத்தில் அறிவித்தபோது நீங்கள் போகாமல் விடவில்லையே. பண்டா ஹிலிர் திடலுக்கு நடந்தே போய், நடந்தே வந்தீர்கள். வந்து வாசல்படியில் உட்கார்ந்தவர் பேசவே இல்லை. உதடு நீலமாக இருந்தது. சந்தோஷத்தில் வாயடைத்துப் போனார் என்று நான்தான் கேலி பண்ணினேன். மறுவாரம் டாக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் பலவீனம் என்றார். சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். கனம் தூக்கக் கூடாது, மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்றார்.

வெள்ளை மாத்திரையை நீங்கள் சாப்பிட்டீர்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனசு வைத்தது அதன் மேல் இல்லை. அந்த மஞ்சள் உருண்டை மேல்தானே?

ஜாலான் பெண்டஹாரா மருந்துக் கடையிலிருந்து அதை வாங்கி வந்த அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பொன் வாங்கி வந்தவர்கூட அப்படிச் சிரிக்க மாட்டார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். உள்ளே எண்ணெய் மினுங்கியது. “இது வைட்டமின் புள்ள. நெஞ்சுக்குன்னே வந்திருக்கு. இதச் சாப்பிட்டா நோவு வராம தடுக்குமாம்,” என்றீர்கள்.

“வந்த நோவுக்கா, வராத நோவுக்கா?” என்று கேட்டேன். நீங்கள் உருண்டையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தீர்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் எனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

உங்களுக்கு வைட்டமின் மேல் அவ்வளவு நம்பிக்கை ஏன் என்று எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் இல்லாமல், உங்கள் கால் தூணாக வீங்கிப்போனது. பெரிபெரி. உங்கள் அம்மா அதிலேயே போனார். சண்டை முடிந்து பட்டாளத்து டாக்டர் வந்து வைட்டமின் ஊசி போட்டதும், பாயோடு கிடந்த நீங்கள் சில நாளில் எழுந்து நடந்தீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நடந்த கதை இது. ஆனாலும் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஊசி போட்டவரின் முகத்தைக்கூட நேரில் பார்த்த மாதிரி எனக்குத் தெரியும். சாவிலிருந்து எழுப்பிவிட்ட ஒன்றை ஒரு மனிதன் நம்பாமல் எதை நம்புவான்?

என்னையும் நம்ப வைக்கப் பார்த்தீர்கள். வைட்டமின் விட்டால் எண்ணெய்கூடச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, உடம்பில் இருக்கிற கொழுப்பும் எண்ணெய் மாதிரிதான், கெட்டுப்போகாமல் இது காக்கும் என்று மருந்துக் கடைத் தம்பி உங்களுக்குச் சொல்லியிருந்தான். நான் சிரித்தேன். உடனே என் தேங்காயெண்ணெயை எடுத்து இரண்டு பீங்கான் தட்டில் ஊற்றி, ஒன்றில் மஞ்சள் உருண்டையைக் குத்திப் பிழிந்து, அடுப்படி ஜன்னலில் வைத்தீர்கள். கொஞ்ச நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னீர்கள்.

சும்மா இருந்த எண்ணெய் சிக்கு வாடை அடித்தது. உருண்டை பிழிந்தது அடிக்கவில்லை.

“இப்ப என்னா சொல்ற?”

“என் எண்ணெய வீணாக்கினீங்கன்னு சொல்றேன்.”

நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கியது. நான் கவனித்தேன். நீங்களும் கவனித்தீர்கள். இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்புறம் தனத்துக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுச் சிட்டி அக்கா வந்து பிள்ளையின் வயிற்றைப் பார்த்தார். கொப்புளத்தைக் கண்டதும் கையைக் கூப்பி, “டத்தோ சூடா டாத்தாங்,” என்றார். சாமி வந்துவிட்டார் என்று அர்த்தம். பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து குடியேறிய செட்டி வம்சம், அவருக்கு வாய்ப்பேச்செல்லாம் மலாய்தான். சாமி பெயரிலும் பலகாரப் பெயரிலும் மட்டும்தான் தமிழ் எட்டிப் பார்க்கும். ஆனால் மாரியம்மாவுக்குப் பயப்படுவதில் அவர் நம்மைவிட ஒரு படி மேல்.

வேப்பிலை கட்டினோம். தாளிப்பை நிறுத்தினோம். வெளியாள் வரக் கூடாது, வீட்டிலிருந்து வேறு வீட்டுக்குப் போகக் கூடாது. ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டில் மருந்து வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததா? நம் ஆட்கள் வீட்டில் காலங்காலமாக இப்படித்தான். பிள்ளைக்கு மருந்து கொடுக்கவில்லை, சரி. அம்மைக்கு டாக்டரிடம் என்ன மருந்து இருக்கிறது? ஆனால் நீங்கள் உங்கள் வெள்ளை மாத்திரைப் போத்தலையும் எடுத்து வேட்டித் துண்டில் சுற்றினீர்கள்.

“அது ஒங்களுக்குத்தானே, பிள்ளைக்கு இல்லையே,” என்றேன்.

“வீடு ஒண்ணுதானே புள்ள. ஆத்தா வந்து ஒக்காந்திருக்கா. அவ கண்ணு முன்னாடி நான் மருந்த முழுங்கினா, ஒன்ன நம்பலன்னு சொன்ன மாதிரி ஆவாதா?”

“ஒரு நாளும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“தனத்துக்குக் கண்ணு போயிடுச்சின்னா, டாக்டர் வந்து கண்ணு குடுப்பாரா?”

சின்ன வயதில் உங்களோடு கோலி விளையாடிய பையனுக்கு அம்மையில் கண் போனதை நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிள்ளை பாயில் கிடக்கிறாள். இமையிலேயே ஒரு கொப்புளம். அதைப் பார்த்துக்கொண்டு நான் என்ன வாதம் பண்ணுவது?

போத்தலை வேலிக்கு மேலே சிட்டி அக்காவிடம் கொடுத்தீர்கள். மஞ்சள் உருண்டைப் போத்தல் மட்டும் அலமாரியிலேயே இருந்தது.

“அப்ப அது?” என்றேன்.

“அது மருந்து இல்ல புள்ள, சத்து. கேவுறு மாதிரி. ஆத்தாவுக்கே நாம கேவுறுக் கூழுதானே ஊத்துறோம்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றால் உங்களை யார் அசைக்க முடியும்? டாக்டருக்கும் ஆத்தாவுக்கும் நடுவில் வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். மருந்தும் இல்லை, நெஞ்சுக்குக் காவலும் உண்டு. அன்றைக்கு அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

சிட்டி அக்காவுக்குப் படவில்லை. சாயங்காலமானால் வேலிக்கு வந்து, “லாக்கி லூ சூடா மாக்கான் ஊபாட்?” என்று கேட்பார். உன் வீட்டுக்காரர் மருந்து சாப்பிட்டாரா? போத்தல் அவர் வீட்டில் இருக்கிறது, அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கேட்பார். ஒரு நாள் நேராகவே சொன்னார். வீட்டுக்குள் வர வேண்டாம், வேலிக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு போகட்டும், வேலிக்கு இந்தப் பக்கம் டத்தோ இல்லையே என்றார். அதை நான் உங்களிடம் சொன்னேன்.

“ஆத்தாவ ஏமாத்தச் சொல்றியா?” என்று கேட்டீர்கள். கோபமாகக்கூட இல்லை. ஆச்சரியமாகக் கேட்டீர்கள்.

உங்கள் கால் வீங்கத் தொடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலை விரலால் அமுக்கினீர்கள். குழி விழுந்தது. நான் பயந்து நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் முகமோ தெளிந்துவிட்டது. “இது எனக்குத் தெரிஞ்ச வியாதிதான் புள்ள. அன்னிக்கும் இப்படித்தான் வீங்கிச்சு. வைட்டமின்லதானே வத்துச்சு,” என்றீர்கள். அன்றையிலிருந்து ஒரு உருண்டை சாப்பிட்ட இடத்தில் இரண்டு சாப்பிட்டீர்கள். பழைய எதிரி வந்துவிட்டான், பழைய ஆயுதத்தால் அடித்துவிடலாம் என்று நினைத்தீர்கள். வந்தவன் வேறு ஆள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மை இறங்கி, தனத்துக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றிய நாளை நான் எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் தனம் இதைப் படிப்பாள். அதனால் எழுதுகிறேன்.

காலையிலேயே அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தோம். கிணற்றிலிருந்து நான் இறைக்கிறேன் என்றேன். பிள்ளைக்குக் கடைசித் தண்ணீர், அப்பன்தான் இறைப்பான் என்றீர்கள். தனத்தை மணையில் உட்கார வைத்து நான் ஊற்ற ஊற்ற, நீங்கள் வாளி வாளியாகக் கொண்டுவந்தீர்கள். இமையில் இருந்தது காய்ந்து உதிர்ந்திருந்தது. கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. அவள் தாடையைத் தூக்கிப் பார்த்தீர்கள். “பாத்தியா, என் தங்கத்துக்கு ஒண்ணும் ஆவல,” என்றீர்கள்.

சிட்டி அக்கா வேலியோரமாக வந்துகொண்டிருந்தார். கையில் உங்கள் வெள்ளை மாத்திரைப் போத்தல். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனிமேல் சாப்பிடலாமே என்று கொண்டுவந்தார். நீங்கள் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, “இருங்க, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்,” என்றீர்கள். ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்தீர்கள். மரத்தில் சாய்ந்தீர்கள்.

அவ்வளவுதான். அவர் வேலியைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நீங்கள் இல்லை. ஈரத் தலையோடு மஞ்சள் பாவாடையில் தனம் நின்றுகொண்டிருந்தாள்.

கருமாதிக்கு வந்தவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். ஆறிலும் சாவு, நூறிலும் சாவு. உங்கள் அக்கா மட்டும் மாரில் அடித்துக்கொண்டு, “பிள்ளைக்கு வந்த ஆத்தா அப்பனக் கொண்டுபோயிட்டாளே,” என்று அழுதார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தம்பியைப் பறிகொடுத்தவர் யோசித்தா அழுவார்? ஆனால் அந்தச் சொல் விழுந்த இடத்தை நான் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு முடியை இழுத்துத் தழும்பை மறைத்தாள்.

அன்றையிலிருந்து அவள் உங்களைப் பற்றிப் பேசவே இல்லை. சேகர் “அப்பா எங்கே” என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக் கேட்டும் பார்த்தேன், அதட்டியும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்பாள். ஒரு பிள்ளை இத்தனை நாள் ஒன்றும் இல்லை என்று சொன்னால் எவ்வளவு இருக்கும்?

மஞ்சள் உருண்டைப் போத்தலை எடுத்துக்கொண்டு நான் டாக்டரிடம் போனேன். உங்களைப் பார்த்த அதே யாழ்ப்பாணத்து டாக்டர். மேசையில் வைத்து, “இதுதான் அவரக் கொன்னுச்சா?” என்று கேட்டேன். எனக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது.

அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கொல்லவும் இல்லை, காக்கவும் இல்லை அம்மா. சும்மா பக்கத்தில இருந்தது,” என்றார். “யப்பான்காரன் காலத்தில உங்கட மனுசன்ர உடம்பில வைட்டமின் இல்லை. இல்லாததைக் குடுத்தினம், கால் வத்தினது. இந்த முறை குறைஞ்சது வைட்டமின் இல்லை. இருதயம் களைச்சுப் போச்சுது. விளங்குதோ?”

“எண்ணெய்க்கு நல்லதுன்னு அவரு செஞ்சே காட்டினாரு டாக்டர்.”

“எண்ணெய்க்கு நல்லதுதான். ஆனா மனுசன் தட்டில ஊத்தின எண்ணெய் இல்லையே. நெஞ்சுக்கு நல்லதெண்டு சில டாக்டர்மார் எழுதினம், இல்லையெண்டு சில பேர் எழுதினம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை, தெரிஞ்ச மாத்திரைக்குப் பதிலா நான் குடுக்க மாட்டன்.”

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அதைக் கேட்டபின் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. வீட்டுக்கு வந்து போத்தலைத் தூக்கி எறியப் போனேன், கை வரவில்லை. அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜன்னலில் இருந்த அந்த இரண்டு தட்டையும் நான் எடுக்கவில்லை. ஒரு நாள் மோந்து பார்த்தேன். உங்கள் தட்டும் சிக்கு வாடை அடித்தது. கொஞ்சம் தாமதமாக அடித்தது, அவ்வளவுதான். அதை உங்களிடம் காட்டிச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

எனக்கு ரத்தக் கொதிப்பு. பயப்படாதீர்கள். கேண்டீனில் ஒரு நாள் தலை சுற்றி உட்கார்ந்தேன். அதே டாக்டர் மாத்திரை கொடுத்தார், அதே பேச்சைச் சொன்னார். ஒரு நாளும் விடக் கூடாது. கேண்டீன்காரர்கள் நல்ல மனசோடு ஆளுக்கொரு வைட்டமின் பெயரைச் சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டே மாத்திரையைச் சாப்பிட்டுவந்தேன். இந்த விஷயத்தில் உங்களைவிட எனக்குப் புத்தி அதிகம் என்று ஒரு நினைப்பு.

போன மாதம் சேகருக்கு ஆத்தா வந்தாள்.

என் புத்தியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது. நீங்கள் மரத்தில் சாய்ந்தது கண்ணுக்குள் நிற்கிறது. அப்படியும் அவன் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளத்தைப் பார்த்ததும், என் கை என் மாத்திரைப் போத்தலைத் துணியில் சுற்றியது. உங்கள் மேல் இத்தனை நாளாக இருந்த கோபத்தில் பாதி அப்போதுதான் இறங்கியது. பயம் என்றால் இதுதானா என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலிக்குப் போய் சிட்டி அக்காவைக் கூப்பிட்டு நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “தா மாவ்,” என்றார். மாட்டேன் என்கிறார். போன தடவை வாங்கி வைத்தேன், இந்தத் தடவை வாங்க மாட்டேன் என்று அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார். இத்தனை நாள் அவரும் அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திரும்பி வந்தேன். போத்தலைக் கிணற்றடியில் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுப்படிக்கு வந்ததும் என்ன நினைத்தேனோ, அலமாரியிலிருந்து உங்கள் மஞ்சள் உருண்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். சத்துதானே. ஆத்தாவுக்கு ஆகாதது இல்லையே. உங்கள் வாயிலிருந்து வந்த அதே சொல் என் மனசிலும் வந்தது.

தனம் வாசற்படியில் நின்று என் கையையே பார்த்தாள்.

“அப்பா மாதிரி நீயும் இதையாம்மா?” என்றாள்.

நான் விரலை மடக்கி உருண்டையை மறைத்தேன்.

“அப்பா எனக்காகத்தானே மாத்திரைய நிறுத்துனாரு?”

கேட்டுவிட்டாள், என்னங்க. இத்தனை நாள் நான் காத்திருந்த கேள்வியை, நான் எதிர்பார்க்காத நேரத்தில் கேட்டாள்.

“நீ நிறுத்தச் சொல்லலடி. ஒன் கண்ணு மேல அவருக்கு இருந்த பயம். அவரா நிறுத்துனாரு. அதுல ஒன் பங்கு ஒண்ணும் இல்ல.”

“இப்ப நீ யாருக்காக நிறுத்துற?”

“தம்பிக்காக,” என்றேன்.

அவள் பாயில் கிடந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “அப்ப ஒனக்கு ஏதாவது ஆச்சின்னா, தம்பியும் என்னைய மாதிரி ஆயிடுவான்,” என்றாள்.

கத்தவில்லை, அழவில்லை. சோறு ஆறிப்போகும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். இந்தப் பிள்ளை இரண்டு வருடமாக எதற்குள் இருந்தாள் என்று அந்த ஒரு பேச்சில் தெரிந்தது. நாம் அவள் கண்ணைக் காப்பாற்ற நினைத்தோம், என்னங்க. கண் இருக்கிறது. அந்தக் கண்ணால் அவள் தினமும் உங்களை அந்த மரத்தடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளே கிணற்றடிக்குப் போனாள். போத்தலைக் கொண்டுவந்து துணியை அவிழ்த்தாள். ஒரு மாத்திரையை எடுத்து, குவளையில் தண்ணீரோடு என் முன்னால் நின்றாள்.

“சாப்பிடும்மா. ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்கிட்ட கோவிச்சுக்கட்டும். அவளுக்கு என்னைய நல்லாத் தெரியும்.”

சாப்பிட்டேன். வேப்பிலைக் கொத்துக்கு முன்னால் நின்றே சாப்பிட்டேன். “தாயே, நான் ஒன்ன நம்பாம சாப்பிடல. நீ குடுத்த பிள்ளைங்கள வளக்கணும்னு சாப்பிடுறேன்,” என்று வாய்விட்டுச் சொன்னேன். இதை ஏன் உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை? எனக்கும்தான் ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை?

ஆத்தா வந்த மாதிரியே இறங்கிப் போனாள். சேகருக்கு மூக்கில் ஒரு சின்னத் தழும்பு, வேறொன்றும் இல்லை. கடைசித் தண்ணீரைத் தனம்தான் இறைத்தாள். என்னை வாளியைத் தொடவிடவில்லை. ஊற்றி முடித்ததும் அந்த ரம்புத்தான் மரத்தடிக்குப் போனாள். நீங்கள் போனபின் அந்தப் பக்கமே போகாத பிள்ளை. நீங்கள் சாய்ந்த இடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, ஓவென்று அழுதாள். நானும் சிட்டி அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தோம். வேலிக்கு எந்தப் பக்கம் யார் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. அழுது முடித்து முகம் கழுவியவள், முடியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தழும்பு தெரிந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது சேகரிடம் அவளாகவே சொன்னாள். “அப்பா எண்ணெயில மாத்திரையக் குத்தி வச்சி அம்மாகிட்ட திட்டு வாங்குவாரு தெரியுமா?” அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். நான் இரண்டு பேருக்கும் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

உங்கள் மஞ்சள் உருண்டைகளின் மேல் எனக்கு இப்போது பகை இல்லை. அவை நல்லவையோ வெறும் எண்ணெயோ, படித்தவர்கள் சண்டை போட்டு என்றைக்காவது முடிவு சொல்லட்டும். அதுவரைக்கும் நம் வீட்டில் சத்து சோற்றில் இருக்கும், கீரையில் இருக்கும். மருந்து மருந்தின் இடத்தில் இருக்கும். ஒன்றின் நாற்காலியில் மற்றொன்றை நான் உட்கார வைக்க மாட்டேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இன்றைக்கு வேப்பிலை கட்டியிருந்தால், தலைவலித் தைலத்தை வேண்டுமானால் தள்ளி வையுங்கள். நெஞ்சு நோவுக்காரரின் மாத்திரையைத் தள்ளி வைக்காதீர்கள். ஆத்தாவும் பிள்ளை பெற்றவள்தான்.

என்னங்க, இது என் சத்தியம். விடிந்ததும் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால், பிள்ளைகள் இரண்டு பேரும் பார்க்க, மாத்திரையை விழுங்குவேன். ஆத்தா வீட்டில் இருந்தாலும் விழுங்குவேன். உங்களிடம் வருவதற்கு எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவசரப்பட மாட்டேன். என்னால்தான் அம்மா போனாள் என்று நம் பிள்ளை ஒன்று கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி நான் வர மாட்டேன்.

நீங்கள் பத்திரிகையை எடுத்துக்கொள்ளலாம். சொல்லி முடித்துவிட்டேன்.

மீதிப் பாதிக் கோபத்தோடும் முழு ஆசையோடும்,
உங்கள் வீட்டுக்காரி,
தனத்துக்கும் சேகருக்கும் அம்மா.